கேரியர் என்று முடிவு வந்த பெட்டைக்குதிரையை இனப்பெருக்கத்திலிருந்து விலக்க வேண்டுமா?

வாசகர் கேள்வி: வட இங்கிலாந்தின் கம்ப்ரியாவில், கெண்டலுக்கு அருகே உள்ள எங்கள் சிறு பண்ணையில் ஃபெல் போனி என்ற இப்பகுதிக் குட்டைக் குதிரை இனத்தின் மூன்று பெட்டைகளை வளர்க்கிறோம். அவற்றில் ஒன்பது வயதுப் பெட்டைக்கு அண்மையில் மரபணுப் பரிசோதனை செய்ததில், குட்டிகளைக் கொல்லும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டு நோய்க்கு அது கேரியர், அதாவது தான் நோயுறாமல் அந்த மரபணுவைச் சுமக்கும் குதிரை, என்று முடிவு வந்திருக்கிறது. அண்டைப் பண்ணையின் பொலிக்குதிரையோடு சேர்ந்து அது ஏற்கெனவே மூன்று ஆரோக்கியமான குட்டிகளை ஈன்றிருக்கிறது. அவற்றில் இரண்டு பெட்டைகள் எங்களிடமே இருக்கின்றன. அந்தப் பொலிக்குதிரைக்கு இதுவரை பரிசோதனை செய்ததில்லை. அதன் குட்டிகள் அனைத்தும் நன்றாகவே இருப்பதால் பரிசோதனை தேவையில்லை என்கிறார் உரிமையாளர். இந்தப் பெட்டையை இனப்பெருக்கத்திலிருந்து நிறுத்திவிட வேண்டுமா? வெல்ஷ் காப் என்ற வேறொரு குதிரை இனத்தோடு கலந்தால் சிக்கல் தீருமா?

பதில்: நிறுத்த வேண்டியதில்லை. கேரியர் அல்ல என்று பரிசோதனையில் உறுதியான பொலிக்குதிரையோடு மட்டும் அதைச் சேருங்கள். அண்டை வீட்டாரின் குதிரையைப் பரிசோதிக்காமல் இனி ஒருமுறைகூடச் சேர்க்காதீர்கள். இவற்றில் இரண்டாவதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன்.

நோயைப் பற்றிச் சிறிது சொன்னால்தான் காரணம் விளங்கும். 1998இல் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் முதன்முதலாக விவரிக்கப்பட்டபோது இது ஃபெல் போனி நோய்க்குறி என்று அழைக்கப்பட்டது. ஃபெல்லுக்கு நெருங்கிய இனமான டேல்ஸ் போனிகளிலும் கண்டறியப்பட்ட பின்னர், குட்டிகளின் நோய் எதிர்ப்பாற்றல் குறைபாட்டு நோய்க்குறி என்று பெயர் மாறியது; சுருக்கமாக எஃப்ஐஎஸ் என்பார்கள். பிறக்கும்போது குட்டியிடம் எந்தக் குறையும் தெரியாது. தாயின் சீம்பாலிலிருந்து கிடைத்த எதிர்ப்புப் பொருள்கள் முதல் சில வாரங்கள் அதைக் காக்கின்றன. அவை குறையத் தொடங்கும்போது, தனக்கான எதிர்ப்புப் பொருள்களை உருவாக்கும் பி வகை வெள்ளணுக்கள் குட்டியின் உடலில் ஏறக்குறைய இல்லை என்பது வெளிப்படுகிறது. இரண்டு மூன்று வார வயதிலிருந்தே சோர்வு, வயிற்றுப்போக்கு, இருமல், மூக்கொழுக்கு, வளர்ச்சித் தேக்கம் ஆகியவை தெரியலாம். வெளிறிய ஈறு முக்கியமான அறிகுறி, ஏனெனில் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தியும் நின்றுபோவதால் கடுமையான இரத்தசோகை உண்டாகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்து சில நாள்களுக்குத் தேற்றும், ஆனால் குணப்படுத்தாது. பெரும்பாலான குட்டிகள் மூன்று மாத வயதுக்குள் இறந்துவிடுகின்றன, அல்லது வேதனையை நீட்டிக்க விரும்பாமல் கருணைக்கொலை செய்யப்படுகின்றன.

லிவர்பூல் பல்கலைக்கழகமும் நியூமார்க்கெட்டில் இயங்கிய அனிமல் ஹெல்த் டிரஸ்டும் இணைந்து நடத்திய ஆராய்ச்சி, குதிரையின் 26ஆவது குரோமோசோமில் உள்ள எஸ்எல்சி5ஏ3 என்ற மரபணுவின் ஒற்றை எழுத்து மாற்றம் ஒன்றை இந்த நோயோடு இணைத்துக் காட்டியது. கேரியர்களை இனங்காணும் பரிசோதனை 2010இல் வந்தது. மரபணு ஆய்வு 2011இல் வெளியானது. அனிமல் ஹெல்த் டிரஸ்ட் 2020இல் மூடப்பட்டுவிட்டாலும், குதிரைகளுக்கான மரபணுப் பரிசோதனை செய்யும் பிற ஆய்வகங்கள் இதைச் செய்துதருகின்றன.

இது ஒடுங்கு மரபுப் பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடுள்ள பிரதியைப் பெற்ற குட்டிக்கு மட்டுமே நோய் வரும். ஒரு பிரதி மட்டும் உள்ள குதிரையே கேரியர். உங்கள் பெட்டை இந்த வகை. அதற்கு இந்த நோய் வராது. சவாரிக்கோ, கண்காட்சிக்கோ, குட்டி ஈனுவதற்கோ எந்தத் தடையும் இல்லை. கேரியரைக் கேரியர் அல்லாத குதிரையோடு சேர்த்தால், ஒவ்வொரு குட்டியும் கேரியராகப் பிறக்க பாதி வாய்ப்பு, முற்றிலும் குறையில்லாமல் பிறக்க பாதி வாய்ப்பு. நோயுற்ற குட்டி பிறக்க வழியே இல்லை. இரண்டு கேரியர்களைச் சேர்த்தால்தான், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு உண்டாகிறது.

உங்கள் அண்டை வீட்டாரின் வாதத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். அந்தப் பொலிக்குதிரையும் கேரியர் என்று வைத்துக்கொண்டால்கூட, உங்கள் பெட்டைக்கு மூன்று குட்டிகளும் ஆரோக்கியமாகப் பிறக்க 64இல் 27 பங்கு, அதாவது ஏறத்தாழ 42 விழுக்காடு வாய்ப்பு இருந்திருக்கும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஃபெல் போனிகளில் சுமார் 38 விழுக்காடும் டேல்ஸ் போனிகளில் சுமார் 18 விழுக்காடும் கேரியர்கள் என்று கண்டறியப்பட்டது. பரிசோதனை பரவிய பிறகு இந்த அளவு மாறியிருக்கலாம் என்றாலும், வேறு விவரம் எதுவும் தெரியாத ஃபெல் பொலிக்குதிரைக்கு அதையே தொடக்கமாகக் கொள்வோம். மூன்று நல்ல குட்டிகளைக் கணக்கில் சேர்த்த பிறகும், அந்தக் குதிரை கேரியராக இருப்பதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு மிஞ்சுகிறது. எனவே அடுத்த குட்டி நோயோடு பிறப்பதற்கான வாய்ப்பு இருபதில் ஒன்று. பிடரியிலிருந்து சில முடிகளைப் பிடுங்கி அனுப்பினால் தீர்ந்துவிடும் ஐயத்தை வைத்துக்கொண்டு, பதினொரு மாதச் சினைக்காலத்தையும் ஒரு குட்டியின் உயிரையும் பந்தயம் கட்ட எந்த நியாயமும் இல்லை.

மற்றப் பெட்டைகளின் வழியாக அதற்குப் பத்து நல்ல குட்டிகள் பிறந்திருக்கின்றன என்று அவர் சொல்லக்கூடும். அந்தப் பெட்டைகள் கேரியர் அல்லாதவையாக இருந்திருந்தால், நூறு குட்டிகள் பிறந்தாலும் ஒன்றுக்கும் நோய் வந்திருக்காது. கேரியர்களும் அல்லாதவையும் மேலே சொன்ன விகிதத்தில் கலந்திருந்தால்கூட, கேரியரான பொலிக்குதிரைக்குப் பத்துக் குட்டிகளும் நலமாகப் பிறக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. ஆகவே நல்ல குட்டிகள் எத்தனை பிறந்தாலும் பரிசோதனைக்கு ஈடாகாது. நோயுற்ற ஒரே ஒரு குட்டியோ பெற்றோர் இருவரும் கேரியர்கள் என்று நிரூபித்துவிடும்.

கேரியர்களையெல்லாம் ஒதுக்கிவிட்டால் நோயே ஒழிந்துவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. கடத்தும் மரபணு ஒழியும், உண்மைதான்; ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை இந்த இனத்துக்குக் கட்டுப்படியாகாது. சுமை சுமக்கவும் வண்டி இழுக்கவும் மலைப்பண்ணை வேலைக்கும் இந்தக் குதிரைகள் தேவைப்பட்ட காலம் இயந்திரங்களின் வரவோடு முடிந்து, எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கியது. எஞ்சிய சில வம்சங்களிலிருந்தே இன்றைய ஃபெல் போனிகள் பெருகியிருக்கின்றன. அரிய பண்ணை விலங்கினங்களைக் காக்கும் பிரிட்டிஷ் அமைப்பான ரேர் பிரீட்ஸ் சர்வைவல் டிரஸ்ட் ஆபத்து நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் ஃபெல், டேல்ஸ் இரண்டையும் வைத்திருக்கிறது. இத்தகைய சிறு கூட்டத்திலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குதிரைகளை ஒரே தலைமுறையில் விலக்கினால், மீந்தவை ஒன்றுக்கொன்று மேலும் நெருங்கிய உறவாகிவிடும். இன்று நாம் அறியாத வேறொரு ஒடுங்கு நோய் அந்த நெருக்கத்திலிருந்து தலையெடுக்கக்கூடும். இந்த நோய் இவ்வளவு பரவியதும் அதே வழியில்தான். எனவே நல்ல உடலமைப்பும் குணமும் அரிய வம்சமும் உள்ள கேரியர் பெட்டையை வைத்துக்கொண்டு, அதன் கேரியர் அல்லாத மகளைக் கொண்டு வம்சத்தைத் தொடர்வதே சரியான வழி. பொலிக்குதிரைகள் விஷயத்தில் என் அளவுகோல் சற்றுக் கடுமையானது. ஒரு பெட்டை ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். ஒரு பொலிக்குதிரை ஒரே பருவத்தில் பல குட்டிகளுக்குத் தந்தையாகிவிடும். கேரியர் பொலிக்குதிரையை, வேறெங்கும் கிடைக்காத வம்சமாக இருந்தாலொழிய, நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அப்போதும் பரிசோதித்த பெட்டைகளுக்கு மட்டுமே.

உங்களிடமுள்ள இரண்டு மகள்களையும் கட்டாயம் பரிசோதியுங்கள். தந்தை கேரியர் இல்லையென்றால் ஒவ்வொன்றும் கேரியராக இருக்கப் பாதி வாய்ப்பு. தந்தையும் கேரியர் என்றால், உயிரோடு வளர்ந்துவிட்டதே நோயில்லை என்பதற்குச் சான்றாகிவிடுவதால், அந்த வாய்ப்பு மூன்றில் இரண்டாக உயரும். மூன்றாவது குட்டியை வாங்கியவருக்கும் தாயின் முடிவைத் தெரிவித்துவிடுவதே முறை. மற்ற இரண்டு பெட்டைகளின் முடிவு தெரியவில்லை என்றால் அவற்றின் மாதிரிகளையும் சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

மாதிரி எடுப்பதில் ஒன்றை மறக்க வேண்டாம்: டிஎன்ஏ கிடைப்பது முடியின் வேரிலிருந்துதான். கத்தரிக்கோலால் வெட்டிய முடி பயன்படாது. பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ இருபது முப்பது முடிகளை வேரோடு பிடுங்கி, ஒவ்வொரு குதிரைக்கும் தனி உறையிலிட்டு, மைக்ரோசிப் எண்ணையும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையும் எழுதிவிடுங்கள். சிறு குட்டியின் முடி மெல்லியதாக இருப்பதால் வேர் எளிதில் அறுந்துவிடும்; அவசரமென்றால் கால்நடை மருத்துவர் இரத்த மாதிரி எடுக்கலாம். குதிரைகள் மலைமேய்ச்சலில் இருந்தால் இலையுதிர்காலத்தில் கீழே இறக்கும்போதே முடி எடுத்துவிடுவது நல்லது. வசந்தத்தில் பொலிக்கு விடும் நெருக்கடியில் முடிவுக்காகக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

பொது மேய்ச்சல் நிலத்தில் வேறொரு ஆண் குதிரை உங்கள் பெட்டையோடு கலந்திருக்க வாய்ப்பு இருந்தால், பொலிக்குதிரையின் நல்ல முடிவை நம்பி இருந்துவிடாமல் குட்டியின் பெற்றோரை உறுதிப்படுத்தும் டிஎன்ஏ சோதனையையும் செய்துகொள்ளுங்கள். பெற்றோர் இருவருமே கேரியர் அல்ல என்றும், தந்தை யாரென்றும் உறுதியானால் அந்தக் குட்டிக்குத் தனிப் பரிசோதனை தேவையில்லை.

வெல்ஷ் காப் கலப்பைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அந்த இனத்தில் இந்த மரபணு மாற்றம் பரவியிருப்பதாகத் தெரியவில்லை என்பதால் நோயுற்ற குட்டி பிறக்கும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் அந்தக் குட்டி ஃபெல் வம்சப் பதிவேட்டில் தூய இனமாக ஏறாது. பாதிக் குட்டிகள் கேரியராகவே பிறந்து, இதுவரை யாரும் சோதிக்க நினைக்காத கலப்பினக் கூட்டத்துக்குள் மரபணுவைக் கொண்டுசெல்லும். கறுப்பு வெள்ளைத் திட்டுகள் கொண்ட வண்ணக் குதிரைகளில் மேற்சொன்ன 2011 ஆய்வே சுமார் 1 விழுக்காடு கேரியர்களைக் கண்டது. ஆகவே அத்தகைய பொலிக்குதிரையைத் தேர்ந்தெடுத்தால் அதற்கும் பரிசோதனை வேண்டும். அரபுக் குதிரைகளில் வரும் எஸ்சிஐடி என்ற எதிர்ப்பாற்றல் நோயும், கன்னிமாரா போனிகளின் குளம்புச் சுவர் பிளவு நோயும் வேறு மரபணுக்களால் வருபவை. அந்த இனங்களோடு கலக்க நினைத்தால் அவற்றுக்குரிய பரிசோதனைகளைத் தனியே கேட்டுச் செய்ய வேண்டும். எஃப்ஐஎஸ் பரிசோதனை அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.