வாசகர் கேள்வி – நிபுணர் பதில்: கல்லூரி வாசலில் சிகரெட் விளம்பரம்

கேள்வி: டிவியிலும் பத்திரிகையிலும் சிகரெட் விளம்பரமே வருவதில்லை. பிறகு எப்படி விளம்பரம் மாணவர்களைப் புகைக்க வைக்கிறது?
– பெற்றோர் ஒருவர், மதுரை

பதில்: 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு விளம்பரத்தைத் தடை செய்தது. ஆனால் பாக்கெட்டுக்கும் விற்கும் கடைக்கும் விலக்கு தந்தது. அதனால் விளம்பரம் டீக்கடைக்கு இடம் மாறிவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் வரிசையாக அடுக்கிய பாக்கெட்டுகள், மேலே விளக்கு, பக்கத்திலேயே மிட்டாய் ஜாடி. தினமும் நான்கு முறை டீ குடிக்கப் போகும் மாணவனுக்கு, எல்லாரும் பிடிக்கிற சாதாரணப் பொருள் இது என்று மனதில் பதிந்துவிடுகிறது. விடுதிக்குப் புதிதாக வந்து நண்பர் கூட்டம் தேடும் முதலாண்டு மாணவனிடம் இது இன்னும் வேகமாக வேலை செய்யும்.

பாக்கெட்டைப் பிரித்து ஒவ்வொரு சிகரெட்டாகச் சில்லறையில் விற்பதை நாங்கள் மிகவும் ஆபத்தானதாகக் கருதுகிறோம். பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீதம் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது 2016 முதல் விதி. ஒற்றை சிகரெட் வாங்குகிறவன் கைக்கு அந்தப் படம் வருவதே இல்லை. கைச்செலவுக் காசிலேயே வாங்கியும் விடலாம்.

கேள்வி: எங்கள் கல்லூரி அருகே இரண்டு கடைகளில் சிகரெட் பிராண்ட் பலகை விளக்கொளியில் மின்னுகிறது. என்ன செய்யலாம்?
– பேராசிரியர், திருச்சி

பதில்: முதலில் அளந்து பாருங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலை விற்கவே கூடாது. கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். பலரும் பிரதான வாசலிலிருந்து அளந்து, கடை எல்லைக்கு வெளியே இருப்பதாக விட்டுவிடுகிறார்கள். சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும்.

எல்லைக்கு அப்பால் உள்ள கடையில் அதிகபட்சம் இரண்டு பலகைகள் வைக்கலாம். ஒவ்வொன்றும் 60 செ.மீ.க்கு 45 செ.மீ. அளவைத் தாண்டக் கூடாது. என்ன வகைப் புகையிலைப் பொருள் கிடைக்கும் என்று மட்டும் எழுதலாம். பிராண்ட் பெயர், பாக்கெட் படம், விளக்கு எதுவும் கூடாது. மேலே 20க்கு 15 செ.மீ. எச்சரிக்கை கட்டாயம். ஆக, நீங்கள் சொல்லும் பலகை எங்கே இருந்தாலும் விதிமீறல்தான்.

‘கடை தொல்லையாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதும் மனு மேசையிலேயே தங்கிவிடும். தேதி தெரியும் புகைப்படம், அளந்த தூரம், மீறிய சட்டப் பிரிவு எண் (விற்பனைக்கு 6, விளம்பரத்துக்கு 5) மூன்றையும் சேர்த்து, கல்லூரி முதல்வர் கையெழுத்துடன் மாவட்டப் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். விற்பனைத் தடை அறிவிப்புப் பலகை உங்கள் வாசலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதை வைக்க வேண்டியது கல்லூரியின் கடமை.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் வரும் இ-சிகரெட் விளம்பரம்?
– மாணவி, கோவை

பதில்: 2019 இ-சிகரெட் தடைச் சட்டப்படி அதன் விற்பனை, விளம்பரம் இரண்டுமே குற்றம். கணக்கின் பெயரோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். ஏற்கெனவே பழகிவிட்ட தோழர்கள் 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசனை பெறலாம்.