‘கலெக்டரிடம் கட்டிவிட்டோம்’ என்கிறது கம்பெனி: சுரங்கத்து ஊருக்கான பணம் எங்கே?

கேள்வி: அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டியது எங்கள் ஊர். சுரங்கம் வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. சிமென்ட் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு, திருவிழாவுக்குப் பந்தல் என்று ஏதாவது செய்கிறார்கள். ஒரு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரமும் வைத்தார்கள். எட்டு மாதமாக அது ஓடவில்லை. கேட்டால், "ஊருக்கான பணத்தைக் கலெக்டரிடம் கட்டிவிட்டோம்" என்கிறார்கள். கலெக்டர் ஆபீசில், "கம்பெனியோட சி.எஸ்.ஆர்.ல (சமூகப் பொறுப்பு நிதியில்) கேளுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். யார் சொல்வது உண்மை? நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்களை அலைக்கழிக்க முடிகிறது. சுரங்கத்து ஊருக்கென்று வரும் பணம் ஒரே பையில் இல்லை. மூன்று பை இருக்கிறது, ஒவ்வொன்றின் வாயும் ஒவ்வொருவர் கையில்.

பெரிய பை மாவட்ட கனிம அறக்கட்டளை. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி இதைக் கொண்டுவந்தார்கள். வெட்டும் கனிமத்துக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் உரிமைத் தொகைதான் ராயல்டி. அதற்கு மேல், அதில் ஒரு பங்கை இந்த அறக்கட்டளைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2015 ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம்; அதற்குப் பின் ஏலத்தில் எடுத்தது என்றால் 10 சதவீதம். உங்கள் ஊர்ச் சுரங்கம் அந்தப் பழைய குத்தகையிலேயே ஓடுகிறது என்றால் 30 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சிமென்ட்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லுக்கு 2014 அட்டவணைப்படி ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அதில் 30 சதவீதம் 24 ரூபாய். வருடத்துக்கு 10 லட்சம் டன் வெட்டினால் 2 கோடியே 40 லட்சம். "கட்டிவிட்டோம்" என்று கம்பெனி சொல்வது இந்தப் பணத்தைத்தான். இது கம்பெனியின் தானம் இல்லை, சட்டப்படி கட்டியே ஆக வேண்டிய பணம். கட்டிய பிறகு அதை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்வது கலெக்டர் தலைமையிலான அறக்கட்டளை.

இந்தப் பணம் மாவட்டத்துக்கு வருகிறது, நேராக உங்கள் ஊருக்கு வருவதில்லை. 2024-ல் திருத்திய வழிகாட்டு நெறிகளின்படி, சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்பட்ட பகுதி. நிதியில் குறைந்தது 70 சதவீதம் அங்கே செலவாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 15 கிலோமீட்டர் வட்டம் என்றால் 700 சதுர கிலோமீட்டர். அரியலூர் மாவட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். சுரங்கத்து வேலி ஓரத்தில் வெடிச் சத்தம் கேட்டு எழுந்திருக்கிற உங்கள் ஊரும், பதினான்காவது கிலோமீட்டரில் லாரியையே பார்க்காத ஊரும் காகிதத்தில் ஒன்றுதான். கேட்கிற ஊருக்குத்தான் போகும். கேளுங்கள்.

குடிநீர், சுகாதாரம், கல்வி, மாசுத் தடுப்பு எல்லாம் இந்த நிதியில் முன்னுரிமை வேலைகள். அதனால் தண்ணீர் கேட்டுப் போனவர்களை 'சி.எஸ்.ஆர்.ல கேளுங்க' என்று திருப்பி அனுப்புவது சரியான பதில் இல்லை.

இரண்டாவது பை சி.எஸ்.ஆர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருட நிகர லாபத்தின் சராசரியில் 2 சதவீதம் செலவிட வேண்டும். இது மொத்தக் கம்பெனியின் லாபத்தில். உங்கள் ஊர்ச் சுரங்கத்துக்கென்று தனிக் கணக்கு கிடையாது. உள்ளூருக்கு முன்னுரிமை என்று சட்டத்தில் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. எனவே இங்கே உரிமை பேசினால் எடுபடாது. பட்ஜெட் போடுவதற்கு முன்னால், ஜனவரி வாக்கில், மதிப்பீட்டோடு மனு கொடுத்தால் எடுபடும். மார்ச் கடைசியில் போனால் மிஞ்சியது நோட்டுப் புத்தகம்தான்.

திருவிழாப் பந்தலை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கான செலவு அதில் சேராது என்று மத்திய அரசு 2014-லேயே சொல்லிவிட்டது. பந்தல் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதை ஊருக்குச் செய்த முதலீடு என்று கணக்குக் காட்டினால் மட்டும் கேள்வி கேளுங்கள். லாரி போகிற பாதையில் புழுதி அடங்கத் தண்ணீர் அடிப்பதும் அப்படித்தான். அது அவர்கள் கடமை. வேறு சட்டத்தில் செய்தே ஆக வேண்டியதை சி.எஸ்.ஆர். என்று காட்டக் கூடாது.

மூன்றாவது பையை அநேகமாக யாரும் தொடுவதில்லை. சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கும்போது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அங்கே ஊர்க்காரர்கள் கேட்டதும் கம்பெனி ஒப்புக்கொண்டதும் பதிவாகி, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் தொகையோடு ஏறும். அனுமதியின் நிபந்தனைகளை நிறைவேற்றினோமா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனி அறிக்கை தர வேண்டும். மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அனுமதிக் கடிதத்தைத் தேடி எடுங்கள். பத்து வருடத்துக்கு முன் ஒப்புக்கொண்ட மரக்கன்றும் மருத்துவ முகாமும் அதிலேயே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

சரி, இனி செய்ய வேண்டியது. மாவட்ட கனிம அறக்கட்டளையின் பாதிக்கப்பட்ட பகுதிப் பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெரியவில்லை என்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கலெக்டர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு. மூன்று கேள்வி போதும்: பட்டியல் நகல், கடந்த மூன்று வருடத்தில் இந்தச் சுரங்கத்திலிருந்து வந்த தொகை, அதே காலத்தில் எங்கள் ஊராட்சியில் நடந்த வேலைகள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நீட்டி முழக்கிப் புகார் எழுதினால், அதைக் காரணம் காட்டியே தள்ளிவிடுவார்கள்.

பதில் கையில் வந்ததும் அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். "அடிப்படை வசதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று எழுதி, மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியில் செய்யக் கோருங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த ஆர்.ஓ. இயந்திரம். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்து கம்பெனி பெயரில் இருக்கக் கூடாது என்பது 2021 விதி. பதிவு பெற்ற அறக்கட்டளை, சுய உதவிக் குழு, ஊராட்சி மாதிரி பொது அமைப்பு என்று யாராவது ஒருவரிடம் இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் ஒப்படைப்புக் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், ஃபில்டரும் மெம்பரேனும் மாற்றுவது ஊராட்சி பொறுப்பு. இல்லையென்றால் இயந்திரம் யாருடையது என்று கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். இந்த ஒரு கடிதம் போனதும் மெக்கானிக் வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.