துணி போர்த்திய பழைய விமானம் வாங்கலாமா? வாசகர் கேள்வி-பதில்

இரும்புக் குழாய்ச் சட்டகத்தின் மேல் துணி போர்த்திய இரண்டு இருக்கை விமானங்கள் அமெரிக்காவின் சிறு விமானத் தளங்களில் இன்றும் பறக்கின்றன, கைமாறுகின்றன. பைப்பர் ஜே-3 கப், ஏரோன்கா சாம்ப் போன்றவற்றை வாங்க நினைக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 1946-ல் செய்த ஜே-3 கப் ஒன்று விலைக்கு வருகிறது. மஞ்சள் வண்ணம் பளபளக்கிறது. "துணி புதுசு மாதிரி இருக்கிறது" என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து முடிவு செய்வது? (டல்லஸ் வாசகர்)

வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் காசு கொடுப்பது துணிக்கு உள்ளே இருக்கும் எலும்புக்கூட்டுக்கு. துணி கெட்டால் மாற்றிவிடலாம். குழாயும் ஸ்பாரும் (இறக்கையின் முதன்மை உத்திரம்) கெட்டிருந்தால் விமானத்தையே பிரித்துக் கட்டவேண்டி வரும்.

முதல் வேலை காகிதம். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்தில் அந்த விமான எண்ணுக்கான முழுக் கோப்பையும் வாங்குங்கள், செலவு மிகக் குறைவு. அதில் 337 என்ற எண்ணுள்ள பெரிய பழுதுப் படிவங்கள் இருக்கும். துணி மாற்றுவதும் இறக்கையைப் பழுது பார்ப்பதும் பெரிய பழுது என்ற கணக்கில் வருவதால், அந்தப் படிவம் இல்லாமல் சட்டப்படி செய்திருக்க முடியாது. எந்த ஆண்டு, எந்த முறையில் துணி போட்டார்கள், எப்போது இறக்கை அடிபட்டது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். லாக் புக்கில் (விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேடு) "தரையில் சுழன்றது" என்ற வரி இல்லாமல், 337-ல் மட்டும் இறக்கை நுனி பழுது இருந்தால், கேள்வி கேளுங்கள்.

அடுத்து துணி. மிருதங்கம் போல் டும்மென்று ஒலித்தால் துணி நன்றாக இருக்கிறது என்று சொல்வார்கள். விறைப்பு வேறு, வலிமை வேறு. அந்தக் காலத்து கிரேடு-ஏ பருத்தித் துணி புதிதில் ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவை தாங்கியது. அது 70 சதவீதமாக, அதாவது 56 பவுண்டாக இறங்கினால் கழிக்கவேண்டும். இறக்கைச் சுமை சதுர அடிக்கு 9 பவுண்டுக்குள்ளும் உச்ச வேகம் 160 மைலுக்குள்ளும் உள்ள விமானங்களுக்கு 46 பவுண்டு போதும். கப் இந்த வகை. இப்போது பெரும்பாலும் இருப்பது பாலியெஸ்டர். புதிதில் அது பருத்தியைவிட வலுவானது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் கெடும். அதைத் தடுப்பது மேல் வண்ணத்துக்கு அடியில் அடிக்கும் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சுதான். இருட்டான ஹேங்கரில் ஆய்வுத் துளை வழியாக ஒரு விளக்கை இறக்கைக்குள் விட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் வெள்ளிப் பூச்சு போதவில்லை, துணிக்கும் ஆயுள் போதாது. வலிமைச் சோதனையை இறக்கையின் மேற்பரப்பில், அதுவும் அடர் நிறம் உள்ள இடத்தில் செய்யச் சொல்லுங்கள். அங்கேதான் துணி முதலில் சாகும். அடிப்பக்கத்தில் சோதனைக் கருவியின் ஊசியை வைத்து "பாஸ்" என்பது சோதனையே அல்ல.

பிறகு குழாய். வால் பக்கத்தில், உடலின் அடிக்குழாய்கள் கடைசிக் கம்பத்தோடு சேரும் இடத்துக்குக் குனியுங்கள். விமானம் வாலை ஊன்றி நிற்பதால் உள்ளே சேரும் நீர் முழுவதும் அங்கேதான் வடியும். துணிக்கடியில் குழாய் சொரசொரவென்று உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பின்னர் மெக்கானிக் கூர்முனையால் குத்திப் பார்க்கட்டும். உள்ளே போனால் குழாயை வெட்டி வேறு குழாய் பற்றவைக்க வேண்டும். வடிகால் துளைகள் வண்ணத்தால் அடைபட்டிருப்பதும் மோசமான அறிகுறி.

இறக்கைக்குள் எலிக்கூடு இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். கூட்டைவிட எலி மூத்திரம்தான் கேடு: அலுமினிய ரிப்பை (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) அரித்துவிடும். ஆரம்ப கால கப்களில் ஸ்பார் ஸ்ப்ரூஸ் மரம், பிற்பாடு அலுமினியம். மர ஸ்பார் என்றால், இறக்கையைத் தாங்கும் சாய்வுக் குழாயான ஸ்ட்ரட் சேரும் இடத்தில் டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்து, மரநாருக்குக் குறுக்கே ஓடும் மெல்லிய கோடுகளைத் தேடவேண்டும். அவை அழுத்த விரிசல்கள், இறக்கை நுனி தரையில் இடித்ததன் தடயம். இதையெல்லாம் பார்க்க, விற்பவரின் மெக்கானிக்கை விட்டுவிட்டு, துணி விமானத்தில் கைபழகிய வேறொருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள்.

கேள்வி: கப்பின் ஸ்ட்ரட்டுக்கு ஏதோ கட்டாய உத்தரவு உண்டாமே? (ஒஹாயோ வாசகர்)

உண்டு. இப்போது நடப்பில் இருப்பது ஏ.டி. 2015-08-04 என்ற எஃப்.ஏ.ஏ. உத்தரவு. இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் உள்ளீடற்ற இரும்புக் குழாய். பழையவற்றின் உள்ளே ஈரம் புகுந்து, கீழ்முனையில் தேங்கி, உள்ளிருந்தே துரு தின்னும். வெளி வண்ணம் அழகாகவே இருக்கும். அதனால் 24 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டாலோ குத்திப் பார்க்கும் கருவியாலோ சோதிக்கவேண்டும். முனையில் திருகியிருக்கும் கவை வடிவ இணைப்பான ஃபோர்க்கின் மரையிலும் விரிசல் விழும். அதற்குத் தனிச் சோதனை. ஸ்ட்ரட் கழன்றால் இறக்கை மடியும் என்பதால் இதில் சலுகை பேசாதீர்கள். முழுக்க மூடி அடைத்த புதிய ஸ்ட்ரட் போட்டுவிட்டால் துருச் சோதனைத் தொல்லை தீர்ந்தது. பழைய ஸ்ட்ரட் உள்ள விமானம் என்றால் புதியவற்றின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து 165 கிலோ. கப் தாங்குமா? (சான் ஹோசே வாசகி)

நீங்கள் வாங்கும் விமானத்தின் எடைத் தாளை வைத்துத்தான் சொல்ல முடியும். அனுமதித்த மொத்த எடை 1,220 பவுண்டு. வெற்று எடை 760 என்று வையுங்கள். நீங்கள் இருவரும் 364. முழு டேங்க் 12 கேலன், அது 72. மொத்தம் 1,196. எடைத் தாளில் எண்ணெய் சேராமல் இருந்தால் 4 குவார்ட்டுக்கு இன்னும் 7.5. மிஞ்சுவது 16 பவுண்டு சொச்சம். ஒரு சின்னப் பை. இதே விமானத்தில் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தடித்த வண்ணமும் ஏறி வெற்று எடை 820 ஆகியிருந்தால் முழு டேங்கோடு இருவரும் பறக்க முடியாது. ஆகவே எடைத் தாள் எந்த ஆண்டுக்குரியது என்று பாருங்கள். பல முறை துணி மாற்றியும் தராசில் ஏற்றாமல் கணக்கில் மட்டும் எழுதியிருந்தால், வாங்குமுன் நிறுக்கச் சொல்லுங்கள். தனியாகப் பறக்கும்போது கப்பில் பின் இருக்கையில்தான் உட்காரவேண்டும். சாம்பில் முன்னால் உட்காரலாம், பார்வையும் நன்றாகக் கிடைக்கும். அதற்காகவே பலருக்கு நாங்கள் சாம்பைச் சொல்கிறோம்.

கேள்வி: துணியை நானே மாற்றலாமா? (டொரான்டோவிலிருந்து ஹூஸ்டன் போய்ச் சேர்ந்த வாசகர்)

உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில் அமெரிக்காவில் செய்யலாம். துணி மூடுமுன் உள்சட்டகத்தை அவர் பார்க்கவேண்டும், முடிந்தபின் ஐ.ஏ. (பெரிய பழுதைப் பரிசோதித்து ஒப்புதல் தரும்) தகுதி உள்ளவர் 337-ல் ஒப்பமிடவேண்டும். பொருளைவிட உழைப்பே பெரிய செலவு, நூற்றுக்கணக்கான மணி நேரம் பிடிக்கும்.

துணி போர்த்தும் முறைகளில் ஒன்றைத் தேர்ந்தால் ஒட்டுப்பசை முதல் மேல் வண்ணம் வரை அதே முறையின் கையேட்டையே பின்பற்றுங்கள். ஒன்றின் பசை, இன்னொன்றின் வண்ணம் என்று கலந்தால் அனுமதியும் போகும், வண்ணமும் உரியும். பாலி-ஃபைபர் என்ற பாலியெஸ்டர் துணி முறையில் துணியை ஒட்டியபின் இஸ்திரிப் பெட்டியால் 250, 300, 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்று மூன்று கட்டமாகச் சுருக்கவேண்டும். பெட்டியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், அடித்தட்டில் வெப்பமானி வைத்துப் பார்த்து 350-க்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் துணி இறுகுவதற்குப் பதில் தளரும், அந்தத் தளர்ச்சியைத் திரும்ப எடுக்க முடியாது. எடுத்த எடுப்பில் 350-க்குப் போனால் ஒருபக்கம் இழுத்து, மெல்லிய பின்விளிம்பு வளையும். துணியை ரிப்போடு சேர்த்துக் கட்டும் தையலின் இடைவெளி பழைய துணியில் இருந்ததைவிடக் கூடக்கூடாது. பிரிக்கும்போதே அளந்து படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: சாதாரண பெட்ரோல் போடலாமா? (டெக்சாஸ் வாசகர்)

கான்டினென்டல் ஏ-65 எஞ்சின் 73 ஆக்டேன் எரிபொருளுக்கு வடிவமைத்தது. இன்றைய 100 எல்.எல். விமானப் பெட்ரோலில், பழைய 80/87 ரகத்தில் இருந்ததைப்போல் நாலு மடங்கு வரை ஈயம் இருக்கலாம். அது ஸ்பார்க் பிளக்கிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் படிந்து வால்வு இறுகும். எஸ்.டி.சி. (விமானத்தின் அங்கீகரித்த அமைப்பை மாற்றுவதற்கான) அனுமதி வாங்கினால் கார் பெட்ரோல் போடலாம், ஆனால் எத்தனால் கலக்காததாக இருக்கவேண்டும். எத்தனால் ரப்பர் சீல்களைக் கெடுக்கும். டேங்க் மிதவைக் கார்க்கின் அரக்குப் பூச்சைக் கரைக்கும். கார்க் ஊறி மூழ்கினால், முன்கண்ணாடிக்கு முன்னால் நின்று எரிபொருள் அளவைக் காட்டும் கம்பி பொய் சொல்லும். எத்தனால் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். மேலே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி அடங்கவிடுங்கள். தண்ணீர் மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் எத்தனால் கலந்திருக்கிறது.

எண்ணெய் ஃபில்டர் இல்லாமல் சல்லடை மட்டும் உள்ள எஞ்சினுக்கு 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். பறக்காத மாதங்களில் தரையிலேயே ஓட்டி நிறுத்துவது கெடுதல். எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் உள்ளே ஈரம்தான் சேரும்.

கேள்வி: இந்தியாவில் இப்படி விமானம் செய்தார்களா? (சென்னை வாசகர்)

செய்தார்கள். பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தயாரித்த புஷ்பக், 1958-ல் முதலில் பறந்தது. ஏரோன்கா சீஃப் விமானத்தை ஒட்டியது. 90 குதிரைத்திறன் கான்டினென்டல் எஞ்சின், பக்கத்துப் பக்கத்து இருக்கை, துணிப் போர்வை. நம் பறத்தல் கழகங்களில் பலர் கற்றது இதில்தான்.

கேள்வி: ஸ்டார்ட்டர் இல்லாத கப்பைக் கையால் சுழற்றிக் கிளப்புவது ஆபத்தா? (சிகாகோ வாசகர்)

முறை தவறினால் ஆபத்து. வாலைக் கயிற்றால் கட்டுங்கள், சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், இருக்கையில் பிரேக் தெரிந்த ஒருவர் இருக்கட்டும். நிற்கும் இடத்தில் சரளைக் கல், எண்ணெய், ஈரப்புல் கூடாது. சுவிட்ச் ஆஃப், த்ராட்டில் மூடியது என்று அவர் வாய்விட்டுச் சொன்னபின் நாலைந்து முறை ப்ராப்பெல்லர் இதழைச் சுற்றி எரிபொருளை இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் த்ராட்டிலைத் துளி திறந்து, சுவிட்சைப் போட்டு "கான்டாக்ட்" சொன்னதும், விரல்களை இதழின் பின்னால் மடக்காமல் உள்ளங்கையால் கீழே இழுத்து, அதே அசைவில் பின்னால் விலகுங்கள். சுவிட்ச் ஆஃப் என்றாலும் எஞ்சின் எப்போதும் கிளம்பும் என்றே நடந்துகொள்ளுங்கள்: தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைத் தரையிணைக்கும் கம்பி அறுந்திருந்தால் சுவிட்சுக்கு வேலையில்லை. எரிபொருள் அதிகமாகி அடைத்தால் த்ராட்டிலை முழுதாகத் திறந்து, சுவிட்ச் ஆஃப் செய்து சுற்றுவார்கள். அதன்பின் த்ராட்டிலை மூட மறந்து கான்டாக்ட் கொடுக்கும்போதுதான் விமானம் ஆளில்லாமல் ஓடுகிறது.

மர ப்ராப்பெல்லர் என்றால் பருவம் மாறும்போதெல்லாம் அதன் போல்ட்டுகளின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். ஈரத்தில் உப்பிய மரம் வறண்ட மாதங்களில் சுருங்கும், போல்ட் தளரும், துளையைச் சுற்றி மரம் கருகியிருப்பது அதற்கு அடையாளம்.