கட்டுச்சோறும் கடின நீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மியூனிக் நகருக்கு மென்பொருள் வேலைக்காக வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. வேலையிலும் ஊதியத்திலும் குறை இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒவ்வொரு நாளும் மனம் கனத்துவிடுகிறது. அம்மா சொன்ன அளவுப்படியேதான் சாம்பார் வைக்கிறேன். பருப்பு கரைவதில்லை, மாவு புளிப்பதில்லை, எதிலும் அந்தச் சுவை வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மூடிக்கிடக்கிறது. நான் சைவம் என்பதால், வெளியே சென்று இருபது யூரோ கொடுத்துப் பிடிக்காத ஒன்றை உண்பதைவிட அறையிலேயே இருந்துவிடுகிறேன். 'சாப்பாட்டுக்காகவா ஊர் நினைவு?' என்று அலுவலக நண்பர்கள் சிரிக்கிறார்கள். இது என் பலவீனமா? மே மாதம் அம்மா வந்து மூன்று மாதங்கள் தங்கப் போகிறார். சமையலை அவரிடம் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றுகிறது. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நானும் 1998-99-இல் அந்நகரில் பதினெட்டு மாதங்கள் தனியாக இருந்தவன் என்பதால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் பருப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்விகளுள் அதற்கு மட்டுமே ஐயமற்ற விடை உண்டு. மியூனிக்கின் குடிநீர் 1883 முதல் ஆல்ப்ஸ் மலையடிவாரத்து மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக் கற்களின் ஊடாக ஊறி வரும் கடின நீர் அது. குடிக்க மிக நன்று, பருப்பு வேகவைக்க நன்றன்று. நீரிலுள்ள கால்சியம் பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளைப் பிணைத்து இறுக்கிவிடுவதால் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் முழுதாகவே கிடக்கும். இரவே ஊறவையுங்கள், வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்கள் (அங்கே 'நாட்ரோன்' என்ற பெயரில் சிறு பொட்டலங்களாக விற்கும்), பருப்பு குழைந்த பிறகே புளியைச் சேருங்கள். அல்லது துருக்கிக் கடையில் கிடைக்கும் மைசூர் பருப்பை வாங்குங்கள். தோல் நீக்கி உடைத்த அந்தச் சிவப்புப் பருப்பு எந்த நீரிலும் கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை என்பதை அறிந்தால் பாதிக் கவலை தீரும் என்று நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. ஊரில் இருந்தபோது நீங்கள் என்றைக்காவது சாம்பார் வைத்ததுண்டா? நான் வைத்ததில்லை. முப்பது வயது வரை எங்கள் வீட்டு அரிசிப் பானையில் எத்தனை படி அரிசி இருக்கிறது என்றுகூட நான் அறிந்ததில்லை. அந்நகரில் முதல் குளிர்காலத்தில் இரவு ஒன்பது மணிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றபோது, அம்மாவின் குழம்புக்காக ஏங்குகிறேன் என்றே நம்பினேன். பின்னர்தான் விளங்கியது: நான் ஏங்கியது குழம்புக்காக அல்ல, தட்டின் முன் அமர்ந்ததும் வந்து சேரும் குழம்புக்காக. யாரோ ஒருவர் காலையிலேயே யோசித்து, ஊறவைத்து, அரைத்து, நான் வரும் நேரம் பார்த்து அடுப்பிலிருந்து இறக்கி வைத்த உழைப்பு அதில் இருந்தது. அதே குழம்பை நானே வைத்து, நானே பரிமாறி, நானே உண்டு, நானே பாத்திரம் கழுவியபோது எத்தனை சரியாக வந்தாலும் அது வேறு பண்டமாகத்தான் இருந்தது. அளவைத் திருத்தித் திருத்திப் பார்த்து நீங்கள் தேடும் சுவை பாத்திரத்துக்குள் இல்லை. இதைக் கடிந்து சொல்லவில்லை. எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆயிற்று.

இது பலவீனமா என்று கேட்கிறீர்கள். ஊர் ஏக்கத்தை நோய் என்றே வகைப்படுத்தி, அதற்கு 'நோஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தவர் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர். 1688-இல், தம் பத்தொன்பதாம் வயதில், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவர் அளித்த ஆய்வேட்டில் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். இன்று அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ரயிலில் ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் அவரோ சாகும் நிலைக்குப் போய், வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றதும் தேறத் தொடங்கினார். மற்றொருவர் கீழே விழுந்து அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கிராமத்துப் பெண். நினைவு தெளிந்தபோது தம்மைச் சுற்றி அந்நியர்களே நிற்பதைக் கண்ட அவர் உணவையும் மருந்தையும் ஒருசேர மறுத்து, 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்ற ஒற்றைத் தொடரையே சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே உங்களைப் பார்த்துச் சிரிக்கும் நண்பர்களிடம், இந்த ஏக்கம் முதலில் தாக்குவது வயிற்றைத்தான் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதிவான செய்தி என்று சொல்லுங்கள். அவர்களும் தத்தம் அறையில் எதையோ தாளித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த இரவு எட்டு மணிதான். குளிர்காலத்தில் அங்கே எட்டு மணி என்றால் ஊரில் நள்ளிரவு தாண்டி அரை மணி. வீட்டில் அனைவரும் உறங்கிய பிறகு, பேச ஒருவரும் இல்லாத நேரத்தில், ஒரு நாளின் மிகப் பெரிய சமையலைத் தொடங்குகிறீர்கள். ஜெர்மானியர்கள் அந்த வேளைக்கு அடுப்பையே மூட்டுவதில்லை. அவர்களுடைய இராச் சாப்பாட்டின் பெயரே 'மாலை ரொட்டி' என்பதுதான். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஊறுகாய் போட்ட வெள்ளரி, அவ்வளவே. அந்த நாட்டின் ரொட்டி மரபு 2014-இல் அவர்களது தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதைத் தொண்டைக்குள் இறங்காத காய்ந்த பண்டம் என்று நானும் முதலில் ஒதுக்கினேன். புளித்த மாவில் செய்த கம்பு ரொட்டியை (அவர்களுடைய கம்பு 'ரை' என்னும் தானியம், நம் கம்பு வேறு) மெல்லிய துண்டாக அறுத்து, வெண்ணெய் தடவி, வெள்ளை முள்ளங்கியை உப்பிட்டு அதன்மேல் அடுக்கி உண்ணத் தொடங்கிய பிறகு என் இரவுகள் இலேசாயின. வெள்ளை முள்ளங்கி, மியூனிக் அமைந்துள்ள பவேரிய மாநிலத்தவர்களுக்கு உயிர். சாம்பாரில் மட்டுமே அதைப் பார்த்த நமக்கு, சுருள்சுருளாகச் சீவி உப்பிட்டுப் பச்சையாக உண்பது வியப்பாக இருக்கும்.

சாம்பாரை விட்டுவிடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நீங்கள் அடுப்பின் முன் நின்றால் ஊரில் பகல் பன்னிரண்டரை (கோடையில் பதினொன்றரை). உங்கள் அம்மாவும் அப்போது அடுப்பின் முன்தான் நிற்பார். தொலைபேசியை மேடைமேல் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் அவரவர் வேலையைச் செய்யலாம். பேச வேண்டும் என்பதுகூட இல்லை.

மாவு புளிக்காததற்கும் காரணம் எளியது. இட்லி மாவுக்கு முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம் வேண்டும். உங்கள் அறையில் இருபதுதான் இருக்கும். மின்னடுப்பின் (ஓவன்) உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால் ஒருவாறு பொங்கும். ஆனால் ஒரு செய்தி சொல்கிறேன்: இட்லி மாவில் முதலில் வேலையைத் தொடங்கும் லூகோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிர்தான் அவர்களுடைய புளித்த முட்டைக்கோஸிலும் முதலில் வேலையைத் தொடங்குகிறது. முட்டைக்கோஸுக்குப் பதினெட்டு டிகிரியே போதும் என்பதால் அந்தக் குளிரில் அது தன்னால் புளிக்கிறது. நான் அந்த முட்டைக்கோஸைப் பிழிந்தெடுத்து, கடுகும் மிளகாய் வற்றலும் தாளித்து, சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து உண்டிருக்கிறேன். நம் உணவும் அல்லாத, அவர்கள் உணவும் அல்லாத அதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எல்லாச் சோதனையும் பலித்துவிடவில்லை. முருங்கைக்காய் இல்லாத குறைக்கு வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டை, அவர்கள் 'ஷ்பார்கல்' என்று கொண்டாடும் அதைத்தான், சாம்பாரில் போட்டு ஒரு முழு நாள் வருந்தினேன்.

இந்தச் சமாதானங்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் நாம் அல்லர். அந்நகரின் மத்திய ரயில் நிலையத்தில் பதினோராவது நடைமேடைக்குச் சென்று ஒரு முறை நின்று பாருங்கள். 1955-இல் இத்தாலியோடும், 1960-இல் கிரீஸோடும், 1961-இல் துருக்கியோடும் செய்துகொண்ட ஒப்பந்தங்களின்படி வேலைக்கு வந்தவர்கள் சிறப்பு ரயில்களில் வந்து இறங்கிய இடம் அது. நாள்கணக்கில் பயணம் செய்து வந்தவர்களை அதன் அடியிலிருந்த பழைய பதுங்கறையில் பெயர் பதிந்து, ஒரு வேளை உணவு கொடுத்து, வெவ்வேறு ஊர்களின் ஆலைகளுக்குப் பிரித்து அனுப்பினார்கள். நிலையத்துக்குத் தெற்கே உள்ள தெருக்களில் இன்று பருப்பும் கோதுமை ரவையும் கத்தரிக்காயும் கொத்தமல்லிக் கட்டும் நீங்கள் வாங்க முடிகிறது என்றால், அந்த நடைமேடையில் இறங்கியவர்களின் பசியும் அதற்கு ஒரு காரணம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஊரே மூடிக்கிடக்கிறது என்கிறீர்கள். கடைகள்தான் மூடிக்கிடக்கின்றன, ஊர் திறந்திருக்கிறது. என் காலத்தில் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கே கடைகளை அடைத்துவிடுவார்கள். ஒரு முறை தூங்கிப்போய் அந்த நேரத்தைத் தவறவிட்டு, மறுநாள் பசியோடு தெருவில் இறங்கியபோதுதான், நகரத்து மக்கள் அனைவரும் கையில் கூடையோடு ஆற்றங்கரைக்கும் பூங்காவுக்கும் போய்க்கொண்டிருப்பதைக் கண்டேன். கடை இல்லாததால்தான் அவர்கள் வெளியே வருகிறார்கள்.

அந்தக் கூடைகளில் பல போய்ச் சேரும் இடத்தை, நீங்கள் சைவர், ஒருவேளை குடிப்பழக்கமும் இல்லாதவர் என்பதால், எட்டியே பார்த்திருக்க மாட்டீர்கள். பவேரியாவின் பீர் தோட்டங்களைச் சொல்கிறேன். கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்த காலத்தில், குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறைகளில் சேமித்து, அறை சூடாகாமல் இருக்க மேலே 'ஹார்ஸ் செஸ்ட்நட்' என்னும் நிழல் மரங்களை நட்டார்கள். அந்த நிழலிலேயே பீர் விற்கத் தொடங்கியதும் நகரத்து உணவு விடுதிக்காரர்கள் முறையிட்டார்கள். 1812-இல் மன்னர் மாக்சிமிலியன் யோசப் ஒரு சமரசம் செய்தார்: பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது. எனவே மக்கள் வீட்டிலிருந்து உணவு கட்டிக்கொண்டு வந்தார்கள். பின்னர் உணவு விற்க அனுமதி வந்தும் அந்த உரிமையை மக்கள் விடவில்லை. இன்றும் மேசைவிரிப்பு இல்லாத எந்த மேசையிலும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்து உண்ணலாம். பானத்தை மட்டும் அங்கே வாங்க வேண்டும்; ஆப்பிள் சாற்றில் சோடா கலந்தது கிடைக்கும்.

கட்டுச்சோற்றுக்கு உரிமை உள்ள ஊரில் இருந்துகொண்டு, இருபது யூரோவுக்கு அஞ்சி அறைக்குள் அடைந்து கிடக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். புளியோதரையும் தயிர்ச்சோறும் பயணத்துக்காகவே பிறந்தவை. மியூனிக்கின் ஆங்கிலப் பூங்காவில், சீனக் கோபுரத்தடியிலுள்ள பீர் தோட்டத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அமரலாம். அங்கே நீண்ட பெஞ்சில் இடம் கேட்டு அமர்ந்து டப்பாவைத் திறந்த முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. எதிரே இருந்த முதியவர் தம் முள்ளங்கித் துண்டங்களை என் பக்கம் நகர்த்திவிட்டு, என் புளியோதரையைக் கண்ணால் கேட்டார். ஒரு கரண்டி எடுத்து வைத்தேன். நிலக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை மரியாதையாக ஓரத்தில் ஒதுக்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பதினெட்டு மாதங்களில் நான் வைத்ததை இன்னொருவர் உண்ணப் பார்த்தது அதுவே முதல் முறை. பேச அதிகம் இல்லாமல் ஒரு மணி நேரம் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். கூட்டம் பிடிக்காவிட்டால் நகர ரயிலில் ஸ்டார்ன்பெர்க் ஏரிக்குப் போங்கள், அரை மணிக்குச் சற்று மேல் ஆகும். சிரிக்கும் அலுவலக நண்பர்களையும் அழைத்துக்கொண்டால் பவேரியாப் பயணச்சீட்டு ஒன்றில் ஐந்து பேர் வரை போகலாம். சாப்பாட்டுப் பொறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும்.

அம்மாவின் வருகையைப் பற்றி. மூன்று மாதங்களும் அவரிடம் அடுப்பை ஒப்படைத்தால், அவர் ஊரில் செய்த அதே வேலையை, தெரியாத மொழிக்கும் கரையாத பருப்புக்கும் நடுவே செய்துகொண்டிருப்பார். ஆகஸ்டில் அவர் விமானம் ஏறிய மறுநாள் இரவு எட்டு மணி உங்களுக்கு முன்னைவிடக் கனமாக இருக்கும். முதல் வாரம் நீங்கள் சமைத்துப் போடுங்கள். நெய்யும் பால்கோவாவும் கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களைக் கையில் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரநலச் சான்று இல்லாமல் வர முடியாது. வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்று தேவையில்லை. நெய்க்குக் கவலை வேண்டாம். 'புட்டர்ஷ்மால்ட்ஸ்' என்று கடைகளில் விற்பது நம் நெய்தான், மணம் சற்றுக் குறைவு.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவரைச் சீனக் கோபுரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். புளியோதரையை நீங்களே கிளறுங்கள், நிலக்கடலையைச் சற்றுத் தாராளமாகப் போடுங்கள். புளி போதவில்லை என்றோ எண்ணெய் அதிகம் என்றோ அவர் குறை சொல்லுவார். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.