காரின் மரூன் ஏன் கறுப்பாகத் தெரிகிறது?

கேள்வி: பெருந்துறைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர் அணி நாங்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஜனவரியில் நடக்கும் ஃபார்முலா பாரத் என்ற மாணவர் ரேஸ் கார் போட்டிக்குக் கார் கட்டுகிறோம். கல்லூரி நிறம் மரூனும் தங்கமும். சென்ற முறை போட்டோக்களில் கார் கறுப்பாகவும், தங்க எழுத்து சேற்று நிறமாகவும் விழுந்தது. ஸ்டிக்கர் ஓரங்கள் கிளம்பின. டி-ஷர்ட் நிறமும் காரோடு ஒட்டவில்லை. இந்த முறை பெயிண்ட் அடித்துவிடலாமா?

பதில்: பெயிண்ட் அடித்தாலும் இதில் பாதிக் குறை அப்படியே இருக்கும். பெரும்பாலான அணிகள் கணினித் திரையில் ஒரு நிறத்தை முடிவு செய்துவிட்டு, அதே நிறத்தில் வினைலும் (ஸ்டிக்கருக்கான பிளாஸ்டிக் படலம்) துணியும் தேடி அலைகின்றன. வினைல் ரோல், கம்பெனி வெளியிட்ட நிறங்களில் மட்டுமே கிடைக்கும். டி-ஷர்ட்டில் அச்சடிக்கும் மையையோ வேண்டிய நிறத்துக்குக் கலக்கலாம். அதனால் முதலில் வினைலைத் தேர்ந்தெடுங்கள். மாதிரித் துண்டு வாங்கி, நண்பகல் வெயிலில் வைத்து 30 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அங்கிருந்து கறுப்பாகத் தெரிந்தால் அது உங்களுக்கு ஆகாது.

தேறிய துண்டைத் திருப்பூர் பிரிண்டிங் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். முப்பது டி-ஷர்ட்டுக்காகத் தனியாகச் சாயம் போடக் கேட்பது வீண். வெள்ளை டி-ஷர்ட்டை ஸ்டாக்கில் எடுத்து, துண்டுக்கு ஏற்றபடி மை கலந்து ஸ்கிரீன் பிரிண்ட் போடச் சொல்லுங்கள். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில், பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கோடு நிறுத்தாமல், டியூப்லைட் வகையான டிஎல்84 விளக்கிலும் ஒப்பிட வேண்டும். வினைலில் உள்ள நிறமி வேறு, மையில் உள்ளது வேறு என்பதால், பகல் வெளிச்சத்தில் பொருந்தும் இரண்டு மரூன்கள் டியூப்லைட்டில் பிரிந்து தெரியக்கூடும்.

தங்கத்தைக் கைவிடுங்கள் என்றே சொல்வேன். சிஎம்ஒய்கே எனும் நான்கு மை அச்சில் உலோக மினுமினுப்பு வராது. கடுகு நிறம்தான் வரும். மெட்டாலிக் வினைலை வெட்டி ஒட்டலாம். ஆனால் எல்லாத் துண்டும் ரோலின் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும், இல்லாவிட்டால் எழுத்துக்கு எழுத்து நிறம் மாறும். நல்ல மஞ்சள் இந்தத் தொல்லை இல்லாதது. 2005இல் நம் கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய ஜோர்டான் காரை எவ்வளவு தூரத்திலும் காட்டிக்கொடுத்தது மஞ்சள்தான். மேல்பாகம் மஞ்சள், சைடுபாடின் (காரின் பக்கவாட்டுப் பகுதி) கீழ்ப்பாதி மரூன் என்று பிரித்தால் மரூனும் மரூனாகவே தெரியும்.

கார் எண் விஷயத்தில் அழகு பார்க்கக் கூடாது. மாணவர் ஃபார்முலா விதிகளில் எண் குறைந்தது 150 மி.மீ. உயரம்; வெள்ளையில் கறுப்பு அல்லது கறுப்பில் வெள்ளை. கல்லூரிப் பெயர் இருபுறமும் ரோமன் எழுத்தில் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும். தமிழிலும் போடலாம், ரோமன் எழுத்துக்குக் கீழே. அவசியம் போடுங்கள். அந்தந்த ஆண்டு விதிநூலை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பெயிண்டா, ஸ்டிக்கரா? கையால் லேயப் செய்த, அதாவது ஃபைபர் துணியை அடுக்கிப் பிசின் தடவிச் செய்த பாடிக்குப் பெயிண்ட் என்றால் பட்டி பார்த்தே ஆக வேண்டும். எடை ஏறுவது பெயிண்டைவிடப் பட்டியில்தான். 2022இல் ஃபார்முலா ஒன் அணிகளே எடைக்காகப் பெயிண்டைக் குறைத்துக் கார்பன் ஃபைபர் பாடி வெளியே தெரியும்படி விட்டன. ஜெல்கோட் எனும் பாடியின் வெளிப்பூச்சு வழவழப்பாக இருந்தால் ஸ்டிக்கரே போதும். ஆனால் அது காஸ்ட் வினைலாக (திரவமாக ஊற்றிச் செய்தது) இருக்கட்டும். கடைப் பலகைக்கு ஒட்டும், உருளைகளில் அழுத்திச் செய்த காலண்டர்டு வினைல் இழுத்து ஒட்டிய வளைவில் வெயில் பட்டதும் சுருங்கும். உங்கள் ஓரங்கள் கிளம்பியதற்கு அநேகமாக அதுவே காரணம். அடுத்த சந்தேகம், அச்சான அன்றே மேலே பாதுகாப்புப் படலம் ஒட்டி லேமினேட் செய்திருப்பார்கள். மையின் கரைப்பான் வெளியேற 24 மணி நேரமாவது விட வேண்டும்; உள்ளே அடைபட்டால் பசையைக் கெடுத்துவிடும்.

ஒட்டும் முன் ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70, தண்ணீர் 30 என்று கலந்து துடையுங்கள். ஜனவரிக் காலைக் குளிரில் வினைல் விறைத்து நிற்கும்; பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கலாம். விளிம்பைத் தாண்டி ஒரு செ.மீ. உள்பக்கம் மடித்து ஒட்டி, வளைவுகளிலும் மடிப்புகளிலும் ஹீட் கன்னால் 90 டிகிரிக்கு மேல் சூடேற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் வினைல் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். மூக்கின் முன்விளிம்பில் ஜாயிண்ட் வரவே கூடாது. சைலன்ஸருக்குப் பக்கத்துப் பேனலில் எதையும் ஒட்டாமல் அலுமினியமாகவே விட்டுவிடுங்கள்.

ஸ்பான்சர் லோகோக்களை அவரவர் நிறத்தில் போடாமல் மரூன் மேல் எல்லாவற்றையும் ஒரே வெள்ளையில் போடுங்கள். சம்மதத்தை அச்சுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். அந்த அளவில் சைடுபாடில் இரண்டு பெயர்தான் அடங்கும். அதிகம் கொடுத்த இருவருக்கு அந்த இடம், மற்றவர்களுக்குப் பின்விங்கின் பக்கத் தகடு.