அமெரிக்காவில் ‘பூங்கா மாவட்டம்’ என்றால் என்ன? நகராட்சி இருக்கும்போது அது எதற்கு?

பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காப்பதற்கென்றே, பெரும்பாலும் மக்கள் வாக்களித்து உருவாக்கும் உள்ளாட்சி அமைப்பு அது. தனி வரி, பல இடங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட தனி வாரியம்.

நகராட்சிக்குச் சாலை, குப்பை, போலீஸ் என்று ஆயிரம் செலவு. பணத் தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிபடுவது பூங்காதான். மகள் கல்யாணத்துக்குக் கட்டும் சீட்டுப் பணத்தை மளிகைக் கடனுக்கு எடுக்காமல் தனியாக வைப்போமே, அந்த மாதிரி ஏற்பாடு இது. அப்புறம், மலைக்கு ஊர் எல்லை தெரியாது. கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து, பெர்க்லி பக்கத்து மலைகளில் குடிநீர் வாரியத்துக்குத் தேவைப்படாத நிலம் மிஞ்சியபோது, பல ஊர் மக்கள் சேர்ந்து 1934-இல் கிழக்கு விரிகுடா வட்டாரப் பூங்கா மாவட்டத்தை உருவாக்கினார்கள். பெருமந்தம் என்ற கடும் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம்!

மாவட்டம் என்றதும் கலெக்டர் ஆபீஸை நினைக்க வேண்டாம். பூங்கா வேலையைத் தாண்டி ஊரை ஆளும் அதிகாரம் இதற்குக் கிடையாது.