ஒரு சபையின் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவன் நான். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 1877-ஆம் ஆண்டுப் பஞ்ச காலத்தில் உருவான எங்கள் சபைக்கு 2027-இல் நூற்றைம்பது ஆண்டுகள் நிறைவடைகின்றன. விழா மலருக்காகச் சபை வரலாற்றை எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். குருவானவர்களின் பெயர்ப் பட்டியல், ஆலயம் கட்டப்பட்ட ஆண்டு, கோபுரம் எழுப்பிய ஆண்டு, நன்கொடையாளர் பெயர்கள் ஆகியவை கையில் உள்ளன. அவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எங்கள் ஊர் மக்கள் ஒருவர்கூட அதில் இல்லை. பெட்டியில் பழைய பதிவேடுகள் சில இருக்கின்றன. அவற்றை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. 'கஞ்சிக்காக வந்தவர்கள்' என்று பிறர் சொல்வார்கள் என்பதால் பஞ்சத்தைக் குறிப்பிட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். 1930-களில் ஆலயத்தில் உட்காரும் இடத்தை முன்னிட்டு ஒரு சாரார் பிரிந்து போய்த் தனிச் சபை தொடங்கியதையும் விட்டுவிடச் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களிடம் உள்ள பட்டியல் மலரின் பிற்பகுதியில் அட்டவணையாக இடம்பெறட்டும். வரலாறு அங்கிருந்து தொடங்க வேண்டாம். குருவானவர் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகிப் போகிறார். அவருக்கு முன்னும் பின்னும் அதே வீடுகளில் இருந்து, அதே மணியோசைக்கு எழுந்து வந்து, அதே கல்லறைத் தோட்டத்தில் தம் பெற்றோரை அடக்கம் செய்தவர்களே சபை. அவர்களைக் காணவில்லை என்று நீங்களே உணர்ந்துவிட்டீர்கள். ஆகவே அவர்களை எங்கே தேடுவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1778-இல் ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை பாளையங்கோட்டையில் ஒரு சிறு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1780-இல் அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் பெயர்கள் ஓர் ஏட்டில் எழுதப்பட்டன. நாற்பது பேர், பல சாதியினர். அப்போது அங்கே குடியிருந்த மிஷனெரி எவரும் இல்லை. கோயிலும் இல்லை, அது 1785-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நூறாண்டு கழித்து, 1880-இல், திருநெல்வேலித் திருச்சபை தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது கணக்கிடப்பட்ட தொடக்கம் அந்தப் பெயர்ப் பட்டியலின் ஆண்டே. ஒரு வெள்ளைக்காரர் வந்து இறங்கிய நாளையோ அடிக்கல் நாட்டிய நாளையோ அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் சபைக்கும் அப்படிப்பட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் பெட்டியில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டின் முதல் பக்கங்கள் அவை.

அந்தப் பதிவேட்டை அவசரமின்றி வாசியுங்கள். ஆங்கிலிகன் முறைப்படி வைக்கப்பட்ட பதிவேட்டில் பொதுவாக நாள், பெயர், பெற்றோர் பெயர், ஊர், தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் ஆகியவை இருக்கும். பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவருக்குப் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கலாம். தொழில் என்ற பத்தியை மட்டும் ஐம்பது ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். பனையேறியவர்களின் பிள்ளைகள் எந்த ஆண்டிலிருந்து உபாத்தியாயர்களாகவும் கணக்கர்களாகவும் பதிவாகிறார்கள் என்பது தெரியவரும். பெற்றோரின் இருப்பிடமாகக் கொழும்போ கண்டியோ எழுதப்பட்டிருந்தால், ஊரில் யார் எப்போது இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள் என்பதும் புலப்படும். அங்கே தமிழ்த் தொழிலாளர்களுக்கான மிஷன் 1854-இல் தொடங்கப்பட்டபோது உபதேசியார்கள், அதாவது ஜெபம் நடத்தி வேதம் கற்பித்த நாட்டு ஊழியர்கள், திருநெல்வேலியிலிருந்தே அனுப்பப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கடல் கடந்து போன குடும்பம் ஏன் தன் சபையை மறக்கவில்லை என்பதும் விளங்கும். அடக்கப் பதிவேட்டில் ஒரே மாதத்தில் அடுத்தடுத்துப் பல பெயர்கள் வந்தால் அது வாந்திபேதியாகவோ காய்ச்சலாகவோ இருந்திருக்கும். வயதுப் பத்தியையும் சேர்த்துப் பாருங்கள். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டத்தின்படி திருமணப் பதிவேட்டில் மணமக்களோடு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும். கைநாட்டு எந்தத் தலைமுறையில் கையெழுத்தாக மாறுகிறது, மணமகளின் கையெழுத்து முதன்முதலாக எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை மலரில் படமாகவே வெளியிடலாம்; என் கணிப்பில் அது கோபுரத்தின் படத்தைவிட முக்கியமானது.

அடுத்தது வரவு செலவுப் புத்தகம். நன்கொடையாளர் கல்வெட்டில் இருப்பவை பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். கணக்குப் புத்தகத்திலோ பிடியரிசி என்றொரு வரி மாதந்தோறும் வந்துகொண்டே இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைத்த பெண்களின் காணிக்கை அது. அதை விற்ற பணம் எதற்குச் செலவாயிற்று, உபதேசியாரின் சம்பளத்துக்கா, விளக்கெண்ணெய்க்கா, கூரை மாற்றுவதற்கா என்பதைத் தேடி எழுதுங்கள். நன்றி செலுத்தும் ஸ்தோத்திரப் பண்டிகையில் ஏலம் போன கருப்பட்டிச் சிப்பம், கோழி, வாழைத்தார் ஆகியவற்றின் கணக்கும், அசனம் என்ற பொது விருந்துக்கு வந்த அரிசி, விறகு ஆகியவற்றின் கணக்கும் கிடைத்தால் ஓர் ஊர் தன் வறுமைக்குள்ளிருந்து ஒரு கோயிலை எப்படித் தாங்கிற்று என்பது கண்கூடாகத் தெரியும். இடையன்குடியில் 1847-இல் தொடங்கப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையாயிற்று. அதைக் கால்டுவெல் கட்டினார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த முப்பத்து மூன்று ஆண்டுகளும் கல்லும் மண்ணும் சுமந்தவர்களுக்கு ஒரு வரிகூடத் தருவதில்லை. உங்கள் மலரில் அந்தக் குறை நேரக் கூடாது.

உபதேசியார்களுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம். முதலூர் 1799-இல் உருவானபோது அதற்காக உழைத்த தாவீது சுந்தரானந்தம் ஓர் உபதேசியார். 1800-இல் மிஷனெரி யேனிக்கே ஐயர் இறந்தது முதல் 1820-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது வரை, திருநெல்வேலிச் சபைகள் பெரும்பாலும் நாட்டு ஊழியர்களாலேயே காக்கப்பட்டன. பிற்காலத்திலும் குருவானவர் மாதத்துக்கு ஒரு முறை நற்கருணை கொடுக்க வண்டியில் வந்து போவார். நாள்தோறும் மாலை ஜெபம் நடத்தியவரும், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவரும், நள்ளிரவில் பிணியாளிகளின் வீட்டுக்குப் போனவரும் உபதேசியாரே. கோயில்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைமுறை தலைமுறையாக மணியடித்து, விளக்கேற்றி, குழி வெட்டிய குடும்பம் எதுவென்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அச்சில் எங்கும் இருக்காது.

இனி பஞ்சத்தைப் பற்றி. அதை மறைத்து எழுதினால் உங்கள் சபை ஏன் 1877-இல் தோன்றிற்று என்பதற்கே விடை இருக்காது. 1876-இல் பருவமழை பொய்த்தது. நிவாரண வேலைக்குப் போன ஆண் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று, பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவ சபைகளை நாடி வந்தது அந்த ஆண்டுகளில்தான். பசித்தவர்கள் தங்களை மனிதராக நடத்திய இடத்தை நோக்கி வந்தார்கள். இதில் நாணப்பட என்ன இருக்கிறது? நாணப்பட வேண்டியவர்கள் அந்தக் கூலியை நிர்ணயித்தவர்கள்.

'கஞ்சிக்காக வந்தவர்கள்' என்ற ஏச்சுக்கு நீங்கள் வாதத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை, பதிவேட்டால் சொல்லலாம். வந்தவர்கள் உடனே ஞானஸ்நானம் பெறவில்லை. போதனைக்குட்பட்டவர்களாகச் சில காலம் வைக்கப்படுவதே அன்றைய வழக்கம். ஆகவே பஞ்சம் தணிந்து உதவி நின்ற பிறகு, 1879, 1880, 1881 ஆகிய ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் யார் என்று பாருங்கள். மிஷனெரிகளான கால்டுவெலும் சார்ஜெண்டும் 1877-இல் பிஷப்புகளாக அபிஷேகம் பெற்றதால், ஞானஸ்நானம் பெற்றவர்களை பிஷப் கைவைத்து உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் ஆராதனையை நடத்தத் திருநெல்வேலியிலேயே ஆயர்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியல்களும் கிடைத்தால் அவற்றையும் ஒப்பிடுங்கள். சிலர் திரும்பிப் போயிருப்பார்கள், அதையும் எழுதுங்கள். எஞ்சியவர்களோ கஞ்சி இல்லாத காலத்திலும் இருந்தவர்கள். இன்று விழாக் கொண்டாடுபவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய கொள்ளுப் பேரப் பிள்ளைகளாக இருக்கக் கூடும்.

பிரிவினையைப் பற்றிய உங்கள் கேள்விதான் கடினமானது. ஆனால் என் பதிலில் ஐயம் இல்லை. எழுத வேண்டும். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் பிரிவு புதிதன்று. 1835-இல் ரேனியஸ் தம்மை அனுப்பிய மிஷனெரிச் சங்கத்தால் விலக்கப்பட்டபோது சபைகள் இரு பக்கமாகப் பிரிந்தன. 1838-இல் அவர் இறந்த பிறகே அந்தப் பிளவு ஆறத் தொடங்கிற்று. நாடார் சமூகத்தாரைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் அவர்களைப் புண்படுத்திற்று. மிஷனெரிமாரின் அதிகாரத்தை எதிர்த்துச் சட்டம்பிள்ளை 1857-இல் நாசரேத்துப் பகுதியில் தனிச் சபையைத் தொடங்கினார். இவையெல்லாம் அச்சேறியுள்ளன, இவற்றால் எந்தச் சபையும் அழிந்துவிடவில்லை.

ஆனால் உங்கள் ஊரில் நடந்தது வேறு வகை; உட்காரும் இடம் என்றால் அதன் பின்னே சாதி இருந்திருக்கும். சபைக்குள் சாதி வேற்றுமை அறவே விடப்பட வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சுற்றறிக்கை அனுப்பியது 1833-இல். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது; இருக்கையும் நற்கருணைப் பாத்திரமுமே அங்கும் வழக்கின் பொருளாயின. அதற்கு நூறாண்டு கழித்து உங்கள் ஆலயத்தில் ஒரு சாராரைப் பின்னால் போய் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், அதைச் சொன்னவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு இன்று மனம் வலிப்பது இயல்பே. எழுந்து போனவர்களின் பேரப் பிள்ளைகளோ அந்த வலியை இதுநாள் வரை தனியாகச் சுமந்திருக்கிறார்கள். மலரில் அந்த ஆண்டைத் தாண்டிச் சென்றால், அவர்களை இரண்டாம் முறையும் எழுந்து போகச் சொல்வதாகும்.

எழுதும் முறையில் கவனம் தேவை. தனிமனிதர்களின் பெயர்கள் வேண்டாம். உயிரோடு இல்லாதவர் மீது குற்றம் சுமத்துவதால் பயனில்லை. தீர்மானப் புத்தகத்தில் அந்தக் கூட்டத்தின் குறிப்பு இருந்தால் அதன் வாசகத்தை அப்படியே கொடுங்கள். குறிப்பு இல்லையென்றால், இல்லை என்பதையே எழுதுங்கள். பிரிந்து போன சபையின் மூப்பர்களைச் சந்தித்து அவர்கள் பக்கத்துச் செய்தியைக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட சொற்களிலேயே அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிவதற்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர்களுடைய முன்னோர்களும் இருக்கிறார்கள். உங்கள் முதல் தலைமுறைப் பட்டியலை அச்சிடும்போது அந்தப் பெயர்களும் முழுமையாக வர வேண்டும். கமிட்டி தடுத்தால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஊருக்கு வெளியேயும் தேடலாம். உங்கள் பகுதி எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷனெரிச் சங்கத்தின்கீழ் இருந்ததென்றால் அதன் மிஷனெரிகள் அனுப்பிய அறிக்கைகள் ஆக்ஸ்ஃபோர்டில் போட்லியன் நூலகத்தில் உள்ளன, சி.எம்.எஸ். என்ற மற்றோர் ஆங்கிலேயச் சங்கத்தின் ஆளுகையில் இருந்ததென்றால் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. வெளிநாட்டில் படிக்கும் உங்கள் சபைப் பிள்ளைகள் யாரேனும் உதவக்கூடும். 'நற்போதகம்' என்ற திருச்சபை இதழின் பழைய தொகுப்புகளில் பிரதிஷ்டைச் செய்திகளும் மரண அறிவிப்புகளும் கிடைக்கும். 2003-இல் தூத்துக்குடி – நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்ததால், முந்தைய கடிதப் போக்குவரத்தைப் பாளையங்கோட்டை அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பதிவேடுகளைப் பைண்டிங் செய்யவோ பிளாஸ்டிக் உறையில் ஒட்டவோ எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பகல் வெளிச்சத்தில், மேசைமேல் விரித்து, அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் ஓரக் குறிப்புகளையும் விடாமல் படமெடுக்கச் செய்யுங்கள். ஒரு பிரதி குருவானவரிடமும், ஒன்று திருமண்டல அலுவலகத்திலும், ஒன்று பிரிந்து போன சபையாரிடமும் இருக்கட்டும். மலரின் அச்சு வேலையை அதன் பிறகு தொடங்கலாம்.

அன்புடன்.